இசட் டிரைவ்

புனலூர்க் கல்யாணம் ஒன்றே முக்கால் டிபி.
நாலு கேமரா, ஒரு டிரோன்,
பெண்ணை விட்டுவிட்டு
நிலவிளக்கையே சுற்றிச் சுற்றி வந்த ஒரு கிம்பல்.
செங்கோட்டையில் எந்தக் கடையிலும் அதை
ஒரே இடத்தில் இறக்கிவைக்க வழியில்லை.

முப்புடாதி டிஜிட்டல்ஸில் எண்ணூறு ஜிபி காலி.
பீர் போட்டோஸில் ஒன்றரை டிபி.
ஜோயலிடம் தொள்ளாயிரம்.
மாடிக் கடை இரண்டிலும் சேர்த்து ஆயிரத்து எண்ணூறு.
காலி இடமும் சில்லறை மாதிரிதான்;
அவனவன் பையில் தனியாகக் கிடக்கும்வரை
பஸ்ஸுக்குக்கூட ஆகாது.

"அஞ்சு பெட்டியையும் கோத்துரலாம்" என்றேன்.
"நாங்களே பேசிக்கிட மாட்டோம்,
பெட்டி பேசுமாக்கும்" என்றான் ஜோயல்.

கேபிள் டிவி கம்பத்தில் ஏறி,
டெய்லர் பாக்கியத்தின் ஜன்னலில் நுழைந்து,
காஜா மிஷினுக்குப் பின்னால் வளைந்து
நீல ஒயர் தெருவைக் கடந்தது.
ஒவ்வொரு படமும் துண்டாகும்.
ஒவ்வொரு துண்டும் இரண்டு கடையில் கிடக்கும்.
ஐந்து டிபி போட்டால்
கைக்கு வருவது இரண்டரைதான்.
"மிச்சம் எங்கக்கா போவும்?"
பயத்துக்கு, என்றேன்.

பீர் முகம்மது கடைசியாகக் கேட்டார்:
"எம் பார்ட்டி படம் யாருகிட்ட இருக்கும்?"
எல்லார்கிட்டயும்.
முழுசா யார்கிட்டயும் கிடையாது.
அது அவருக்குப் பிடித்திருந்தது.

தாலி ஏறும் நொடி
முப்புடாதியில் தொடங்கி ஜோயலில் முடியும்.
நடுவில் நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது மட்டும்
பீரிடம் இருக்கலாம்.
கோத்துவிட்ட எனக்கே தெரியாது.

ஆனிச் சாரல் தொடங்கிய வாரம்
ஆரியங்காவு ஆர்டர் ஒன்றில் நாலாயிரம் குறைத்துச் சொல்லி
பீர் எடுத்துக்கொண்டார்.
அன்று ராத்திரி ஜோயல் ஒயரைப் பிடுங்கி,
சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு
என் கடை வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

ஐந்தில் ஒன்று காணோம் என்றது திரை.
இசட் திறந்துதான் இருந்தது.
போனவனிடம் இருந்ததையெல்லாம்
மிச்ச நாலும் தங்களுக்குள் திரும்ப எழுதிக்கொள்ள
விடிய விடிய விளக்குகள் துடித்தன.
இடம் போதவில்லை.
சில துண்டுகள் இணையில்லாமல் ஒற்றையாகவே நின்றன.

ஜோயல் தன் தொள்ளாயிரத்தைத் திறந்து பார்த்திருப்பான்.
எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள்.
எண்களே பெயரான கோப்புகள்,
ஒன்றும் ஓடாது.

பதினோராம் நாள் வந்தான்.
குடையை மடக்காமல் வாசலிலேயே நின்றான்.
கையில் விலை ஸ்டிக்கர் கிழிக்காத ஹார்ட் டிஸ்க்.
"அப்பா அடக்க ஆராதனைய அதுலதான் போட்டிருந்தேன்."
இருக்கு.
"எல்லாமா?"
உட்காரு, பார்ப்போம்.

நாற்பது நிமிடம் என்றது.
அப்புறம் இரண்டு மணி நேரம் என்றது.
அப்புறம் பதினெட்டு நிமிடம்.
எதிர்வரிசையில், பீர் கடைக் கண்ணாடிக்குள்,
பச்சை விளக்கு நிற்காமல் துடித்தது.
ஒற்றைத் துண்டுகளில் பாதிக்கு மேல் அங்கேதான்.
நான் சொல்லவில்லை.
அவன் அந்த விளக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒன்பதுக்கு ஷட்டர் இறக்க வந்த பீர்
விளக்கைப் பார்த்தார்.
தெருவுக்கு இந்தப் பக்கம் குடையைப் பார்த்தார்.
ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு
குனிந்து உள்ளே போனார்.

எழுபத்தொரு சதவீதத்தில் கரண்டு போனது.
பண்பொழி வரைக்கும் இருட்டு.
என் மேசைக்கு அடியில் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது;
பத்து நிமிடம் தாங்கும்.
ஜோயல் குடையை மடக்கினான்.

எதிரே, மழைக்குள்,
யாரோ ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம்.
பிடிக்கவில்லை.
மறுபடி இழுக்கும் சத்தம்.